கொயோட்டி வேட்டைக்குச் சிறு காலிபர் குண்டு தேர்ந்தெடுப்பது எப்படி

டெக்சஸிலோ மொன்டானாவிலோ வேலை பார்க்கும் மகன் வீட்டுக்குப் போன இடத்தில், பக்கத்துப் பண்ணைக்காரர் "கொயோட்டி (ஓநாய் இனத்துச் சிறிய வட அமெரிக்கக் காட்டு விலங்கு) சுட வருகிறீர்களா" என்று கேட்டால் உடனே கிளம்பிவிடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கே மலேசியாவில் ஈயச் சுரங்கத்தையும் எண்ணெய்ப்பனையையும் சுற்றிக் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போய்ப் பழகியவர்கள்தான். ஷாட்கன் பழகிய கை. அதில் தோட்டா தேர்வு பெரிய வேலையில்லை. பன்றிக்குப் பெரிய ரவை, பறவைக்குச் சின்ன ரவை, அவ்வளவுதான். ரைஃபிள் அப்படியில்லை. அமெரிக்கக் கடையில் .223 என்ற ஒரே காலிபருக்கு (குழல், தோட்டா அளவுக்கு) மட்டும் அலமாரி முழுக்கப் பெட்டிகள் நிற்கும். புதியவர் என்ன செய்கிறார்? பெட்டியின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் வேகத்தைப் பார்த்து, எதில் எண் பெரிதோ அதை எடுக்கிறார். அங்கேதான் பிழை தொடங்குகிறது. குண்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, அதைச் சுடப்போகும் குழலின் முறுக்கு (குண்டைச் சுழற்றும் உட்புறச் சுழல் கோடுகளின் சுற்று) எவ்வளவு, விலங்கின் தோல் வேண்டுமா வேண்டாமா என்பதை முதலில் பாருங்கள். வேகம் அதற்குப் பிறகுதான்.

கீழே தோட்டா என்று வருவது கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுப் பொருள். குண்டு என்று வருவது குழலிலிருந்து பறந்து போகும் பகுதி மட்டும்.

முதலில் லைசென்ஸ்

தோட்டா வாங்குவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். அமெரிக்க மத்தியச் சட்டப்படி, சுற்றுலா விசாவிலோ மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ உள்ளே வந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது. விலக்குகளில் நமக்குப் பொருந்துவது ஒன்று: அமெரிக்க மாநிலம் ஏதாவது ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். சிங்கப்பூர், புருணை கடப்பிதழ்காரர்கள் விசா இல்லாமல் நுழையலாம், அவர்கள் கணக்கு வேறு. மலேசியக் கடப்பிதழுக்கு அந்தச் சலுகை இல்லை. "பண்ணைக்காரர் துப்பாக்கிதானே, நான் கையில் வாங்கிச் சுடுவது மட்டும்தானே" என்ற சமாதானம் செல்லாது. கையில் வாங்கினாலே வைத்திருந்த கணக்கு.

மாநில விதிகள் வேறு தனியாக உண்டு. இரவு வேட்டை, விளக்கு, எந்தக் காலிபர் என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். குண்டுத் தேர்வை நேரடியாகப் பாதிப்பது கலிஃபோர்னியா விதி: 2019 ஜூலை 1 முதல் அங்கே எந்த விலங்கை வேட்டையாடவும் ஈயக் குண்டு கூடாது, கொயோட்டியும் அதில் அடக்கம். சுட்டுப் போட்ட உடலைத் தின்னும் காண்டோர் கழுகுகள் ஈயத் துகளால் செத்ததுதான் காரணம். அந்த மாநிலத்துக்குப் போகிறவர் கீழே சொல்லும் ஈயக் குண்டுகளை விட்டுவிட்டுச் செம்புக் குண்டுகளுக்குப் போய்விடலாம்.

துப்பாக்கி தருகிறவரிடம் கேட்க வேண்டியவை

குழலின் மேல் என்ன காலிபர் பொறித்திருக்கிறது? பெட்டியில் இருப்பதும் குழலில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். .223 ரெமிங்டன், 5.56 நேட்டோ இரண்டும் வெளியே ஒரே அளவு. ஆனால் 5.56 துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையில், குண்டு ரைஃபிளிங்கை (குழலின் சுழல் கோடுகளை) தொடும் முன் கொஞ்சம் கூடுதல் இடம் விட்டிருப்பார்கள். அதனால் .223 தோட்டாவை 5.56 துப்பாக்கியில் சுடலாம். 5.56 தோட்டாவை .223 என்று மட்டும் பொறித்த துப்பாக்கியில் போட்டால் அழுத்தம் எல்லை மீறும்.

முறுக்கு எவ்வளவு? இதுவும் பெரும்பாலும் குழலில் பொறித்திருக்கும்: 1:7, 1:8, 1:9, 1:12, 1:14. எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று என்று பொருள். பொறிப்பு இல்லாவிட்டால் நீங்களே அளக்கலாம். முதலில் துப்பாக்கி காலி என்று உறுதிசெய்து, போல்ட்டை (தோட்டாவை அறையில் பூட்டும் பகுதியை) கழற்றுங்கள். கைப்பிடி தானாகச் சுழலும் வகைக் கம்பியில் இறுக்கமான துணித் துண்டைச் சுற்றிக் குழலுக்குள் விடுங்கள். கம்பியின் மேற்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, குழல் வாயருகே கம்பியில் ஒரு கோடு போடுங்கள். அந்தப் புள்ளி ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி மேலே வரும்வரை மெல்லத் தள்ளுங்கள். கோடு எவ்வளவு தூரம் நகர்ந்ததோ அதுதான் முறுக்கு. துணி வழுக்கினால் அளவு கூடுதலாகக் காட்டும். அதனால் மூன்று முறை அளந்து, மிகக் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

தோல் எடுக்கிறாரா? ஆடு, கன்றுக்குட்டி போகிறதே என்று சுடுகிற பண்ணைக்காரருக்குத் தோல் பொருட்டில்லை. குளிர்காலத் தோலை விற்கிறவருக்கு, கைமுட்டி அளவு ஓட்டையோடு விழுந்த கொயோட்டி பாதி நஷ்டம். இருவருக்கும் ஒரே குண்டு பொருந்தாது.

விலங்கின் அளவு

வளர்ந்த கொயோட்டி பொதுவாக 9 முதல் 20 கிலோ வரை. மேற்குப் பகுதிகளில் சின்னது, வடகிழக்கில் பெரிது. குளிர்காலத்தில் ரோமம் அடர்ந்து, பார்க்க இன்னும் பெரிதாகத் தெரியும். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்கோப்பில் தெரியும் உருவத்தின் மேல் ஓரமும் கீழ் ஓரமும் வெறும் ரோமம்தான். இதயமும் நுரையீரலும் அடங்கிய இடம் ஏறக்குறைய 10 முதல் 12 செ.மீ. அகல வட்டம். உருவத்தைப் பார்த்து "நடுவில்" வைத்துச் சுட்டால் குண்டு பின்னால் குடலில் போய்விடும்.

பெட்டியின் மேல் "வார்மிண்ட்" (தொல்லை தரும் சிறு பிராணி) என்று எழுதியிருக்கும் பல குண்டுகள் ஏறக்குறைய ஒரு கிலோ எடையே உள்ள ப்ரெய்ரி டாக் (வளை தோண்டும் அணில் இனப் பிராணி) போன்ற பிராணிகளுக்காகச் செய்யப்பட்டவை. பட்டதும் சிதறிவிட வேண்டும் என்பதுதான் அவற்றின் நோக்கம். அதே குண்டு கொயோட்டியின் தோள் எலும்பில் பட்டால் உள்ளே போகாமல் மேலேயே சிதறும். சிதறினாலும் நெஞ்சுக்கூட்டுக்குள் போய்ச் சிதறுகிற அளவுக்கு உறுதியான குண்டு எது என்பதுதான் கொயோட்டித் தேர்வின் முழுக் கேள்வியும்.

காலிபர்கள், சுருக்கமாக

.22 எல்.ஆர். வேண்டவே வேண்டாம். 40 கிரெயின் (கிரெயின் என்பது குண்டின் எடை அலகு) குண்டு விநாடிக்கு 1,200 அடி வேகத்தில் போய்ப் பட்டால் விலங்கு காயத்தோடு ஓடி எங்கோ சாகும். 2002இல் வந்த .17 எச்.எம்.ஆர். 17 கிரெயின் குண்டை 2,550 அடி வேகத்தில் தள்ளுகிறது. முயலுக்கு அருமையான தோட்டா, கொயோட்டிக்கு எங்கள் கணக்கில் அது சேர்த்தியில்லை. கிட்டத்தில் சுட்டுச் சாய்த்தவர்கள் உண்டு, அதை வைத்துப் புதியவர் முடிவெடுக்கக் கூடாது.

.22 ஹார்னெட் 35 கிரெயின் குண்டோடு 150 கஜத்துக்குள் போதும். கூப்பிட்டு வரவழைத்துச் சுடுகிற வேட்டையில் பெரும்பாலான கொயோட்டிகள் அந்தத் தூரத்துக்குள் வந்துவிடும்.

.204 ரூகர் 2004இல் வந்தது. 32 கிரெயின் 4,225 அடி, 40 கிரெயின் 3,900 அடி. தோல் வேட்டைக்காரர்களுக்குப் பிடித்த காலிபர். இதில் 32ஐ விட்டு 39 அல்லது 40 கிரெயின் எடுங்கள். வேகம் குறைகிறதே என்று பார்க்க வேண்டாம்.

.223 ரெமிங்டன் எங்கும் கிடைக்கும், உதைப்பு இல்லை, 300 கஜம்வரை தாராளமாகப் போதும். இரவல் துப்பாக்கியில் சுடப்போகிறவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

.22-250 ரெமிங்டன், .223 சுடும் அதே .224 அங்குலக் குண்டைத்தான் சுடுகிறது, ஆனால் 55 கிரெயினை 3,680 அடி வேகத்தில். காற்று ஓயாத சமவெளியில், தூரத்துச் சூட்டுக்கு நல்லது. குழல் சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் தேயும். .223இல் நன்றாக நடந்துகொள்ளும் மெல்லிய உறைக் குண்டு இதில் கிட்டத்தில் பட்டால் வெடிகுண்டு மாதிரிதான்.

.243 வின்செஸ்டர் மான் துப்பாக்கி. 58 கிரெயின் இலகு குண்டு போட்டுக் கொயோட்டியும் சுடலாம், ஆனால் தோலை மறந்துவிடுங்கள்.

குண்டின் உடல்வாகு

வேட்டைக் குண்டு ஒன்றை நெடுக அறுத்துப் பார்த்தால் மூன்று பகுதிகள் தெரியும்: வெளியே செம்புக் கலவை உறை, உள்ளே ஈயம், முனையில் குழியோ ஈயமோ பிளாஸ்டிக்கோ. உறை முனைப்பக்கம் எவ்வளவு மெல்லிசு, அடிப்பக்கம் எவ்வளவு தடிப்பு என்பதில்தான் குண்டின் குணம் இருக்கிறது. ஒரே எடை, ஒரே வேகமுள்ள இரண்டு குண்டுகள் முழுக்க வேறு வேறு மாதிரி வேலை செய்வது இதனால்தான்.

*பிளாஸ்டிக் முனைக் குண்டு.* ஹார்னடியின் வி-மேக்ஸ் (சிவப்பு முனை), சியரா பிளிட்ஸ்கிங் (பச்சை முனை), நோஸ்லர் பாலிஸ்டிக் டிப் வார்மிண்ட் (.22க்கு ஆரஞ்சு முனை). முனை பட்டதும் பின்னால் தள்ளப்பட்டு ஆப்பு மாதிரி உறையைப் பிளக்கும். .223இல் 50 முதல் 55 கிரெயின் என்றால் கொயோட்டிக்குப் பெரும்பாலும் இதுவே விடை. விலாவில் பட்டால் சின்ன ஓட்டையோடு உள்ளே போய் நுரையீரலில் சிதறும், மறுபக்கம் வெளியேறாமலே நிற்பதும் உண்டு. 40 கிரெயினுக்குக் குறைந்தவை தோள் எலும்பில் பட்டால் நம்ப முடியாதவை.

*குழிமுனைக் குண்டு.* ஸ்பியர் டி.என்.டி. போன்றவை. வேலை ஏறக்குறைய அதேதான், காற்றைக் கிழிப்பதில் சற்றுப் பின்தங்கும். கிட்டத்துச் சூட்டுக்கு வித்தியாசம் தெரியாது.

ஆனால் குழிமுனை என்றாலே வேட்டைக் குண்டு என்று நினைத்துவிடாதீர்கள். போட்டிக்கான 69, 77 கிரெயின் குண்டுகளின் முனையிலும் ஊசி ஓட்டை அளவு குழி இருக்கும். அது தயாரிப்பு முறையால் வரும் ஓட்டை, விரிவதற்காக வைத்தது இல்லை. சியரா நிறுவனமே தன் மேட்ச்கிங் குண்டுகளை வேட்டைக்குப் பரிந்துரைப்பதில்லை. சில நேரம் நன்றாகச் சிதறும், சில நேரம் பென்சில் குத்திய மாதிரி போய்விடும். எப்போது எது என்று சொல்ல முடியாது.

*மென்முனைக் குண்டு.* 55 கிரெயின் சாதாரண மென்முனை மலிவு, பழையது, நம்பகமானது. 60க்கு மேல் போகும்போது கவனம்: 62, 64 கிரெயினில் ஈயமும் உறையும் ஒட்டியே இருக்கும்படி செய்த மான் குண்டுகள் கலந்து நிற்கும். அவை 12 கிலோ விலங்கில் முழுதாக விரிவதற்குள் மறுபக்கம் வந்துவிடும். கொயோட்டி செத்துப்போகும், ஆனால் ஓடிப்போய் விழும், வெளியேறிய பக்கம் பெரிய ஓட்டை இருக்கும்.

*முழு உறைக் குண்டு, அதாவது எஃப்.எம்.ஜே.* மலிவு என்பதால் கை அதற்குத்தான் போகும். "சின்ன ஓட்டை, தோல் கெடாது" என்று யாராவது சொல்வார்கள். அது பாதி உண்மை. மெதுவாகப் போனால் நேராகத் துளைத்துவிட்டுப் போய்விடும், விலங்கு வெகுதூரம் ஓடும். வேகமாகப் பட்டால் உடலுக்குள் பக்கவாட்டில் திரும்பி, நடுவிலுள்ள வளையப் பள்ளத்தில் உடைந்து, கண்டபடி கிழிக்கும். அதோடு, கல்லிலோ உறைந்த மண்ணிலோ பட்டால் தெறித்துப் பறக்கும். மாடு மேயும் நிலத்தில் சிதறும் குண்டுக்கு இருக்கும் பெரிய சாதகமே தெறிப்பு குறைவு என்பதுதான்.

இங்கே ஒரு நிறக் குழப்பத்தையும் சொல்ல வேண்டும். பச்சை முனை என்று இரண்டு உண்டு. பச்சைப் பிளாஸ்டிக் முனை வைத்த பிளிட்ஸ்கிங் வேட்டைக்கு. முனையில் பச்சைப் பெயிண்ட் தடவிய 62 கிரெயின் எம்855 ராணுவத் தோட்டா, உள்ளே இரும்புத் துண்டு உள்ளது. பல சுடுதளங்களில் காந்தம் வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேட்டைக்கு அது கூடவே கூடாது.

*ஈயமில்லாக் குண்டு.* இரண்டு வகை. பார்ன்ஸ் வார்மிண்ட் கிரெனேட் போன்றவை உள்ளே செம்பு, வெள்ளீயத் தூள் அழுத்தியவை, சிதறும். முழுச் செம்புக் குண்டு சிதறாது, இதழ்போல் விரிந்து ஊடுருவி வெளியேறும். செம்பு ஈயத்தைவிட இலகு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். நீளமானால் அடுத்த பிரச்சினை வரும்.

முறுக்கும் குண்டின் நீளமும்

குண்டு பம்பரம் மாதிரி. போதாமல் சுழற்றினால் தலை ஆடும். எவ்வளவு சுழற்சி தேவை என்பதைக் குண்டின் எடையைவிட நீளம்தான் முடிவு செய்கிறது. 1879இல் பிரிட்டனின் ஜார்ஜ் கிரீன்ஹில் தந்த சூத்திரத்தை இன்றைய வேகத்துக்கு ஏற்பத் திருத்தினால், .224 குண்டுக்கு மனக்கணக்காகவே போடலாம்: 9ஐக் குண்டின் அங்குல நீளத்தால் வகுங்கள். முக்கால் அங்குலக் குண்டுக்கு 12, அதாவது 1:12 குழல் போதும். ஒரு அங்குலக் குண்டுக்கு 1:9. பிளாஸ்டிக் முனைக்கு எடை இல்லை என்பதால் நடைமுறையில் கொஞ்சம் சலுகை கிடைக்கும். தோட்டாவாக அடைத்த குண்டின் முழு நீளத்தை வெளியிலிருந்து அளக்க முடியாது. தயாரிப்பாளர் தளத்தில் தேவையான முறுக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ரெமிங்டன் 700 போன்ற .22-250 துப்பாக்கிகளில் 1:14 சகஜம். அதில் 55 கிரெயினுக்குமேல் ஏறாதீர்கள், 50 இன்னும் பத்திரம். 1:12இல் 55 கிரெயின் பிளாஸ்டிக் முனை நன்றாகப் போகும். 1:9இல் 70 கிரெயின் அளவுவரை, 1:8இல் 77, 80வரை. ஏ.ஆர்.-15 (அமெரிக்காவில் பரவலான அரைத் தானியங்கி ரைஃபிள்) வகைகளில் 1:7, 1:8, 1:9தான் அதிகம். நாம் தேடும் 50 முதல் 60 கிரெயினுக்கு மூன்றுமே போதும்.

கூடுதல் சுழற்சிக்கும் விலை உண்டு. வேகத்தை (விநாடிக்கு அடி) 720ஆல் பெருக்கி முறுக்கால் வகுத்தால் நிமிடச் சுற்று வரும். 3,240 அடி வேகக் குண்டு 1:12 குழலில் நிமிடத்துக்கு 1,94,400 சுற்று, 1:7 குழலில் 3,33,000க்கு மேல். .22 ஹார்னெட்டின் மெதுவான வேகத்துக்காகச் செய்த மெல்லிய உறைக் குண்டை யாராவது கைத்தயாரிப்பில் .22-250இல் அடைத்து, வேகமான முறுக்குக் குழலில் சுட்டால், குண்டு வழியிலேயே கிழிந்துபோகும். இலக்குக் காகிதத்தில் ஓட்டையே இருக்காது, நடுவழியில் சாம்பல் நிறப் புகை ஒன்று மட்டும் தெரியும். கடைத் தோட்டாவில் இது அபூர்வம். பண்ணைக்காரர் தானே அடைத்த தோட்டாவைக் கொடுத்தால், எந்தத் துப்பாக்கிக்காக அடைத்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வேகத்தைக் காற்று எப்படித் தின்கிறது

பெட்டியில் இருக்கும் வேகம் குழல் வாயில் உள்ள வேகம், அதுவும் பெரும்பாலும் 24 அங்குலச் சோதனைக் குழலில் எடுத்தது. 16 அங்குல ஏ.ஆர்.இல் அது கிடைக்காது. அதற்குப் பிறகு குண்டு எவ்வளவு வேகத்தைக் காப்பாற்றுகிறது என்பதைச் சொல்வது பி.சி. (பாலிஸ்டிக் கோயெஃபிஷன்ட்) என்ற எண், பெரிதானால் நல்லது. வி-மேக்ஸில் 40 கிரெயினுக்கு .200, 50க்கு .242, 55க்கு .255, 53க்கு .290. ஆம், 53தான் மெலிந்து நீண்ட வடிவம் என்பதால் 55ஐ முந்துகிறது. அதே நீளம் காரணமாக 1:14 குழலில் அது வேலைக்காகாது, 1:12இல் சுட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

300 கஜத்தில், பக்கவாட்டில் மணிக்கு 16 கி.மீ. காற்று என்று வைத்துக் கணக்குப் போட்டால்: 3,240 அடியில் கிளம்பிய 55 கிரெயின் ஏறக்குறைய 11 அங்குலம் ஒதுங்கும். 3,800 அடியில் கிளம்பிய 40 கிரெயின் 11 முதல் 12 அங்குலம். 560 அடி கூடுதல் வேகத்தோடு கிளம்பியும் காற்றில் ஒரு லாபமும் இல்லை. 3,465 அடியில் கிளம்பிய 53 கிரெயின் எட்டரை அங்குலத்தோடு நிற்கும். 11 அங்குலம் என்பது 28 செ.மீ. கொயோட்டியின் நெஞ்சு வட்டமே 12 செ.மீ.தான் என்பதை நினைவில் வையுங்கள். காற்று அடிக்கிற சமவெளியில் புதியவர் 200 கஜத்துக்குள் நின்றுகொள்வது நல்லது.

அலகு பழக: 100 கஜம் 91 மீட்டர், 55 கிரெயின் 3.56 கிராம், 3,240 அடி 988 மீட்டர்.

மேசையில் சோதித்துப் பார்ப்பது

இரண்டு வகையில் ஒவ்வொன்றும் 20 தோட்டாப் பெட்டி இரண்டு வாங்குங்கள். பெட்டியின் மடலில் உள்ள லாட் (தயாரிப்புத் தொகுதி) எண் ஒன்றாக இருக்கட்டும். லாட் மாறினால் படும் இடமும் நகரலாம்.

100 கஜத்தில், முன்னும் பின்னும் மணல்பை வைத்து, ஒவ்வொரு வகையிலும் ஐந்து தோட்டாக்கள் சுடுங்கள். வகை மாறும்போது முதல் இரண்டு தோட்டாவைக் கணக்கில் சேர்க்காதீர்கள், முந்தைய குண்டின் செம்புப் படிவு அவற்றைக் கெடுக்கும். ஐந்தும் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தால் கொயோட்டிக்குப் போதும். அரை அங்குலக் கூட்டத்தைத் துரத்தித் தோட்டாவை வீணாக்க வேண்டாம்.

ஓட்டைகளின் வடிவத்தைக் கிட்டப்போய்ப் பாருங்கள். வட்டமாக, ஓரத்தில் கரி வளையத்தோடு இருந்தால் குண்டு நேராக வந்திருக்கிறது. ஒரு பக்கம் நீண்டு சாவித்துவாரம் மாதிரி இருந்தால் குண்டு ஆடிக்கொண்டு வந்திருக்கிறது, முறுக்கு போதவில்லை. அந்தக் குண்டை அந்தத் துப்பாக்கியில் மறந்துவிடுங்கள்.

தேர்ந்த குண்டுக்கு 200 கஜத்தில் ஸ்கோப்பைச் சரிசெய்யுங்கள். அவ்வளவு இடம் இல்லையென்றால் 100 கஜத்தில் ஒன்றரை அங்குலம் மேலே படும்படி வையுங்கள். 55 கிரெயின் .223க்கு அப்போது 300 கஜத்தில் சுமார் 7 அங்குலம் கீழே விழும். கடைசியாக, துப்பாக்கியை முழுக்க ஆறவிட்டு ஒரே ஒரு தோட்டா சுடுங்கள். வேட்டையில் உங்களுக்குக் கிடைப்பது அந்தக் குளிர்ந்த குழலின் முதல் குண்டுதான். அது மற்றவற்றிலிருந்து விலகி விழுந்தால் எவ்வளவு, எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மேசையில் வெயிலில் கிடந்த தோட்டாவும் பனியில் உறைந்த தோட்டாவும் ஒரே வேகத்தில் போகாது. குளிரில் மருந்து மெல்ல எரியும். 200 கஜத்துக்குள் இது பெரிய கவலை இல்லை.

தவறு நடக்கும்போது காரணம் கண்டுபிடிப்பது

தோளில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் பிய்ந்து தொங்குகிறது, கொயோட்டி இன்னும் உயிரோடு இருக்கிறது: குண்டு மேலேயே சிதறிவிட்டது. மிக இலகு, மிக வேகம், அல்லது தோள் மூட்டில் நேராகப் பட்டது. அடுத்த எடைக்கு ஏறுங்கள், 32இலிருந்து 40க்கு, 40இலிருந்து 55க்கு. உடனே இரண்டாவது தோட்டாவைச் சுட்டு முடிக்க வேண்டும், அதுதான் வேட்டைக்காரனின் கடமை.

இரண்டு பக்கமும் சின்ன ஓட்டை, நூறு கஜம் ஓட்டம்: குண்டு விரியவில்லை. எஃப்.எம்.ஜே., போட்டிக் குண்டு இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும். தூரத்தில் வேகம் செத்துப்போன பிறகு வார்மிண்ட் குண்டும் இப்படிச் செய்யலாம்.

உள்ளே போன பக்கம் சின்னது, வெளியேறிய பக்கம் பெரிய கிழிசல்: தோலுக்குக் குண்டு கொஞ்சம் கடினம், அல்லது காலிபர் பெரிது. .22-250இல் இது நடந்தால் அதே எடையில் இன்னும் மெல்லிய உறைக்குப் போங்கள். உள்ளேயே முழுக்கச் சிதறினால் வெளியேற எதுவும் மிஞ்சாது. இரண்டு, மூன்று செ.மீ. ஓட்டையை உட்புறத்திலிருந்து தைத்துவிடலாம், அதற்காகக் குண்டை மாற்ற வேண்டியதில்லை.

சுட்ட இடமும் குண்டும் சரி என்று தோன்றியும் விலங்கு விழவில்லை என்றால் பெரும்பாலும் தவறவிட்டிருக்கிறீர்கள். ரோமத்தைத்தான் சுட்டிருப்பீர்கள்.

எங்கே வைப்பது

பக்கவாட்டில் நின்றால் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடல் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. தோள் மூட்டைத் தவிர்த்தால் இலகு குண்டுகூட விலாவைத் தாண்டி உள்ளே போய்விடும். கூப்பிடும் சத்தத்துக்கு வருகிற கொயோட்டி கடைசியில் பெரும்பாலும் நேருக்கு நேர்தான் நிற்கும். அப்போது கழுத்து நெஞ்சில் சேரும் இடத்தில் வையுங்கள். குண்டு நீளவாட்டில் உள்ளே போவதால் வெளியேறுவது அபூர்வம், தோல் வேட்டைக்காரர்கள் காத்திருப்பதே இதற்காகத்தான். ஓடிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள்; வாயால் ஒரு குரைப்புச் சத்தம் கொடுத்தால் பல நேரம் ஒரு கணம் நிற்கும்.

விழுந்ததைத் தொடக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சொறி பிடித்த கொயோட்டிகள் நிறைய, வெறிநோயும் உண்டு.

திரும்பி வரும்போது

வேட்டைக்குத் தூக்கிய பையைக் கைப்பையாக விமானத்தில் கொண்டுவராதீர்கள். ஜாக்கெட் பைகள், பூட்ஸ் உள்பக்கம், தொப்பி, காரில் வைத்திருந்த சிறுபை எல்லாவற்றையும் தலைகீழாக உதறிப் பாருங்கள். பெட்டியிலிருந்து உருண்ட .223 தோட்டா விரல் அளவுதான், பையின் அடித் தையலில் ஒளிந்துகொள்ளும். மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா இருந்தாலும் ஏழு ஆண்டுவரை சிறை, பத்தாயிரம் ரிங்கிட்வரை அபராதம், அல்லது இரண்டும். பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் போய்வருகிறவர்கள் இடைமாற்றத்திலும் சோதனைக்கு உள்ளாவார்கள். நினைவுக்காக வெற்றுக் கூடு ஒன்றை எடுத்துவரும் ஆசையும் வேண்டாம். அதை அங்கேயே பண்ணைக்காரரின் மேசையில் வைத்துவிட்டு, ஓட்டை விழுந்த இலக்குக் காகிதத்தை மடித்து எடுத்து வாருங்கள். எந்தக் குண்டு, எந்த முறுக்கு, எத்தனை கஜம் என்று அதிலேயே எழுதி வைத்தால் அடுத்த முறை கடையில் நிற்கும் நேரம் மிச்சம்.